வரப்பும் வாக்கும்

(யாழ்ப்பாணத்து வாசிகசாலை ஒன்றின் ஆண்டுவிழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



தேர்தலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் தலைவர்களைப் பற்றியே பேசுவர். யார் எங்கே நின்றார், யார் யாரோடு சேர்ந்தார், எவருக்கு எத்தனை இடம் கிடைத்தது என்பனவே பேச்சு. வாக்களித்தவன் எதை எண்ணி வாக்களித்தான், அவன் எண்ணியது நிறைவேறிற்றா என்று கேட்பவர் மிகச் சிலர். இன்று நான் ஒரு வாக்காளரைப் பற்றியே பேச வந்திருக்கிறேன். அவர் தலைவரல்லர், மேடை ஏறியவருமல்லர். தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலே, காவிரிப் பாசனத்தில், 9 ஏக்கர் நன்செய் வைத்திருந்த விவசாயி. 1961 முதல் 1967 வரை நான் சென்னையிலே கல்வி பயின்ற காலத்தில், என்னோடு பயின்ற நண்பரின் தந்தையார். விடுமுறை நாட்களில் அவர் வீட்டுத் திண்ணையிலே அமர்ந்துதான் சென்னை இராச்சியத்தின் அரசியலை நான் கற்றேன். கல்லூரியிலே கற்றதிற் பெரும்பகுதி மறந்து போயிற்று. திண்ணையிலே கேட்டவை எண்பது வயது கடந்த பின்னும் நினைவில் நிற்கின்றன.

அவர் பழைமை பேணும் மனப்பான்மை உடையவர். அக்காலத்து மேடைகளிலே இத்தகையோரைப் 'பிற்போக்குவாதி' என்று ஒரே சொல்லிலே தள்ளிவிடுவது வழக்கம். அவருடைய அரசியலோ மிக எளியது. "தம்பி, இருப்பதை மாற்ற வருகிறவன், மாற்றுவதற்கு முன்னே காரணம் சொல்ல வேண்டும். மாற்றிய பின்னே கணக்குச் சொல்ல வேண்டும்" என்பார். 1962, 1967, 1971 ஆகிய மூன்று பொதுத் தேர்தல்களில் மூன்று வெவ்வேறு கட்சிகளுக்கு அவர் வாக்களித்தார். மூன்று முறையும் அவரிடம் நல்ல காரணம் இருந்தது. ஆயினும் மூன்றாவது தேர்தல் முடிந்தபோது அவருடைய கொள்கையைப் பேசுவதற்குச் சட்டசபையிலே ஆள் இல்லை என்ற நிலை ஏறக்குறைய வந்துவிட்டது. இது எவ்வாறு நேர்ந்தது? நானும் அவரைப் போன்ற மனப்பான்மை உடையவனே. ஆகவே எதிரியின் குற்றத்தை எடுத்துரைக்க நான் வரவில்லை. நம் வீட்டுக் கணக்கைப் பார்க்கவே வந்திருக்கிறேன்.

வரப்புக்கு வந்த அச்சம்

1959 ஜனவரி மாதம் நாகபுரியிலே கூடிய இந்தியக் காங்கிரஸ் மாநாடு, கூட்டுறவுக் கூட்டுப் பண்ணை முறையை நாட்டின் வருங்கால வேளாண்மை முறையாக ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. நிலங்களை ஒன்றாகச் சேர்த்துப் பயிரிடுவது. நிலத்தின் உரிமை உரியவர் பெயரிலேயே இருக்கும். விளைவிலே பங்கு கிடைக்கும் என்பது திட்டம். நகரத்திலே இருப்பவர்க்கு இது நியாயமாகவே தோன்றும். நமது விவசாயியோ வேறு விதமாகக் கண்டார். "பட்டாவிலே என் பெயர் இருக்கும், வயலிலே என் வரப்பு இராது. வரப்பு இல்லாத இடத்தில் என் நிலம் எது என்று நான் யாரிடம் போய்க் கேட்பேன்?" என்றார்.

இவ்வச்சம் அவருக்கு மட்டும் உரியதன்று. காங்கிரசுக்கு உள்ளேயே உத்தரப் பிரதேசத்துச் சரண்சிங் இதனை வெளிப்படையாக எதிர்த்தார். அதே ஆண்டு ஜூன் மாதத்திலே சென்னையில் இராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். நமது நாட்டுச் சுதந்திரக் கட்சியோடு இதனை மயங்குதல் வேண்டா; இரண்டும் வேறு திசை நோக்கியவை. அப்போது இராஜாஜிக்கு வயது 80. இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகவும், பின்னர் 1952 முதல் 1954 வரை சென்னையின் முதலமைச்சராகவும் இருந்தவர். ஓய்ந்திருக்க வேண்டிய வயதிலே, தாம் வளர்த்த கட்சியையே எதிர்த்து எழுந்தார். ஆந்திரத்து விவசாயிகளின் தலைவராகிய என். ஜி. ரங்கா கட்சித் தலைவரானார். பம்பாயைச் சேர்ந்த மினு மசானி பொதுச் செயலாளரானார்.

கட்சி 21 கொள்கைகளை வெளியிட்டது. அவற்றின் உட்பொருளை இரண்டு வரியிலே சொல்லிவிடலாம். குடிமகன் தன் உழைப்பாலும் சேமிப்பாலும் செய்துகொள்ளக் கூடியதை அரசாங்கம் செய்யப் புகலாகாது. அரசாங்கம் புகும் இடத்திலும் எல்லை வேண்டும். தொழிற்சாலை தொடங்குவதற்கு அனுமதி, சீமெந்து வாங்குவதற்கு அனுமதி, நெல்லை இடம் பெயர்ப்பதற்கு அனுமதி என்று வளர்ந்து வந்த ஆட்சி முறைக்குப் 'பெர்மிட் லைசென்சு இராச்சியம்' என்று இராஜாஜி பெயர் வைத்தார். அப்பெயர் இன்றும் இந்தியாவிலே வழங்குகின்றது.

1962 பொதுத் தேர்தலில் நமது விவசாயி சுதந்திராக் கட்சியின் நட்சத்திரச் சின்னத்துக்கு வாக்களித்தார். அவருடைய தொகுதியிலே அக்கட்சி தோற்றது. சென்னைச் சட்டசபையின் 206 இடங்களில் காங்கிரஸ் 139, திராவிட முன்னேற்றக் கழகம் 50, சுதந்திராக் கட்சி 6 என்று முடிவு வந்தது. நூற்றுக்கு ஏறக்குறைய 8 வாக்குப் பெற்றும் 6 இடமே கிடைத்தது.

எனினும் அந்த வாக்கு வீணாயிற்று என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். நாகபுரித் தீர்மானத்துக்கு எழுந்த எதிர்ப்பைக் கண்டு, கூட்டுப் பண்ணையிலே எவரும் கட்டாயப்படுத்தப்படார் என்று பிரதமர் நேரு உறுதி கூற நேர்ந்தது. திட்டம் ஏட்டிலே இருந்தது. வரப்புகள் வயலிலே இருந்தன. சிறிய கட்சி ஒன்று தன் கருத்தை மறைக்காமல் சொன்னதால், பெரிய கட்சி தன் வேகத்தைக் குறைத்தது. அன்பர்களே, இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவேன்.

இருபது ஆண்டு ஆட்சியும் ஒரு படி அரிசியும்

1967 வந்தது. காங்கிரஸ் ஆட்சி இருபது ஆண்டைத் தொட்டிருந்தது. அவ்வாட்சியிலே நன்மை இல்லை என்று அந்த விவசாயி சொன்னதில்லை. காமராசர் காலத்திலே ஊருக்குப் பள்ளிக்கூடம் வந்ததையும், பிள்ளைகளுக்கு மதிய உணவு கிடைத்ததையும் அவர் வாயாரப் புகழ்வார். ஆனால் 1964-இலே நிறைவேறிய அரசியற் சட்டத்தின் 17-ஆம் திருத்தம், இரயத்துவாரி நிலங்களையும் நிலச் சீர்திருத்தச் சட்டங்களின் பிடிக்குள்ளே கொண்டுவந்தது. 1965-இலே இந்தி ஆட்சிமொழியானபோது மாணவர் கிளர்ச்சி எழுந்தது. துப்பாக்கிச் சூடுகள் நிகழ்ந்தன. அரிசித் தட்டுப்பாடு ஊரெங்கும் வாட்டியது. "ஒரே கை இருபது வருஷம் கலப்பை பிடித்தால், நிலம் தன்னுடையது என்று எண்ணத் தொடங்கிவிடும்" என்றார் அவர்.

88 வயதான இராஜாஜி, திராவிட முன்னேற்றக் கழகத்தோடு கூட்டுச் சேர்ந்தார். 1938-இலே இந்தியைப் புகுத்தியவர் இராஜாஜி. அதனை எதிர்த்த அணியிலே வளர்ந்தவர் அண்ணாதுரை. ஒருவர் ஆத்திகர், மற்றவர் பகுத்தறிவு இயக்கத்தார். ஒருவர் தனியுடைமையைப் போற்றியவர். மற்றவர் சமதர்மம் பேசியவர். இருவரும் ஒரே மேடையில் அமர்ந்தபோது எள்ளி நகையாடினோர் பலர். நமது விவசாயி நகைக்கவில்லை. ஓர் இரவு முழுவதும் யோசித்துவிட்டு, உதயசூரியனுக்கு வாக்களித்தார்.

அத்தேர்தலின் பிரசாரத்தை நான் நேரிலே கண்டேன். 1967 ஜனவரி 12-ஆம் நாள் நடிகர் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். கழுத்திலே கட்டோடு அவர் படுத்திருந்த படம் சுவர்தோறும் ஒட்டப்பட்டது. படுக்கையை விட்டு எழாமலே அவர் பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். மற்றொரு புறம், ரூபாய்க்கு மூன்று படி அரிசி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்ற முழக்கம் மூலை முடுக்கெல்லாம் எட்டியது. அனுமதி முறையைப் பற்றியும் அரசின் எல்லையைப் பற்றியும் பேசிய சுதந்திராக் கட்சியாரின் குரல், அந்த ஆரவாரத்தினிடையே கேட்கவில்லை. அவர்களும் கூட்டுக்குத் தீங்கு வரலாகாது என்று குரலைத் தாழ்த்தியே பேசினர்.

முடிவு யாவரும் அறிந்தது. 234 இடங்களில் தி.மு.க. 137, காங்கிரஸ் 51, சுதந்திராக் கட்சி 20. அகில இந்தியக் காங்கிரசின் தலைவராயிருந்த காமராசரே, சொந்த ஊராகிய விருதுநகரில் மாணவர் தலைவர் ஒருவரிடம் 1,285 வாக்குகளால் தோற்றார். ஆனால் எண்ணிக்கையைச் சற்று உற்று நோக்குங்கள். காங்கிரசுக்கு நூற்றுக்கு 41 வாக்கு, தி.மு.க.வுக்கும் ஏறத்தாழ அவ்வளவே. எதிர்க்கட்சிகள் தொகுதிகளைப் பங்கிட்டுக்கொண்டதே இந்த மாற்றத்தைச் செய்தது. சுதந்திராக் கட்சியின் கணக்கு இன்னும் வியப்பானது. 1962-இலே நூற்றுக்கு 8 வாக்கு, 6 இடம். 1967-இலே நூற்றுக்கு 5 வாக்கு, 20 இடம். வாக்குக் குறைந்தது, இடம் பெருகியது. கட்சிக்காரர் இடத்தைக் கண்டு மகிழ்ந்தனர். குறைந்து போன வாக்கைக் கண்டு அவர்கள் கவலைப்பட்டிருக்க வேண்டும்.

புதிய ஆட்சி, சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி வழங்கத் தொடங்கியது. பசித்தவன் வயிறு குளிர்ந்ததை நான் குறை கூறேன். ஆனால் அதன் செலவு கருவூலத்தை அழுத்தியதால், மூன்று படி என்பது கடைசிவரை இலட்சியமாகவே நின்றுவிட்டது. நமக்கு இது புதிய கதையன்று. 1953-இலே ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு உயர்த்தியதால் ஆகஸ்டு 12-ஆம் நாள் ஹர்த்தால் வெடித்தது. பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி விலகினார். 1970-இலே இரண்டு கொத்து அரிசி என்ற வாக்குறுதி இங்கே ஒரு தேர்தலையே நடத்தியது. அரிசியை உண்பவனும் வாக்காளன். அதனை விளைவிப்பவனும் வாக்காளன். மேடையிலே இருவருக்கும் ஒரே மூச்சில் வாக்குக் கொடுப்பவரிடம், இடையிலே உள்ள விலையை யார் இறுப்பது என்று கேட்பதுதான் பேணும் மனப்பான்மை உடையவனின் கடமை. 1967-இலே அதைக் கேட்க வேண்டியவர்கள் கூட்டணிக்கு உள்ளே இருந்தார்கள்; ஆகவே கேட்கவில்லை.

பெற்றதும் இழந்ததும்

அந்த வாக்கினால் நமது விவசாயி பெற்றது என்ன? 1968 ஜனவரியிலே தமிழும் ஆங்கிலமும் போதும் என்ற இருமொழிக் கொள்கை வந்தது. அதனை அவர் மனமார வரவேற்றார். 1969-இலே இராச்சியத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர் வழங்கியது, அதிலும் மகிழ்ந்தார். நில விடயத்திலோ, காங்கிரஸ் ஆட்சி 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தால் 30 தர ஏக்கர் என்று விதித்திருந்த உச்சவரம்பை, அவர் வாக்களித்த ஆட்சி 1970-இலே 15 தர ஏக்கராகக் குறைத்தது. அவருடைய 9 ஏக்கரை அது தொடவில்லை. "என்னைத் தொடவில்லை என்பதற்காக நான் பேசாமல் இருக்கலாமா? பேசுவதற்கு முன்பு எங்களோடு கலந்துகொள்வதாக ஏதேனும் ஒப்பந்தம் இருந்ததா?" என்று கேட்டார். ஒப்பந்தம் எதுவும் அவர் அறிய இருக்கவில்லை. காங்கிரஸ் போக வேண்டும் என்பது ஒன்றே அவர் விதித்த நிபந்தனை. காங்கிரஸ் போயிற்று, நிபந்தனையும் அதோடு தீர்ந்தது.

இனி, என் தரப்பினர் கேட்க விரும்பாத ஒன்றைச் சொல்ல வேண்டும். 1968 டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, கீழைத் தஞ்சையிலே கீழ்வெண்மணி என்னும் ஊரில், கூலி உயர்வு பற்றிய பிணக்கின் முடிவிலே, ஒரு குடிசைக்குள்ளே 44 பேர் எரிக்கப்பட்டு மாண்டனர். அனைவரும் தாழ்த்தப்பட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பத்தினர். பெண்களும் குழந்தைகளும் முதியோருமே பெரும்பாலோர். அடுத்த ஆண்டு நான் மீண்டும் தஞ்சைக்குச் சென்றபோது அந்த விவசாயி திண்ணையிலே நெடுநேரம் பேசாமல் இருந்தார். பின்னர் சொன்னார்: "வரப்பைப் பற்றி எட்டு வருஷம் ஊரெல்லாம் பேசினோம், தம்பி. அந்த வரப்பிலே இறங்கி அண்டை வெட்டுகிறவனைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசினோமா?"

அவர் கேட்டது நியாயம். இத்தனைக்கும் அவர்கள் போற்றிய இராஜாஜியே 1952-இலே முதலமைச்சராக இருந்தபோது, தஞ்சைக் குத்தகைக்காரரையும் பண்ணையாட்களையும் காக்கச் சட்டம் செய்தவர். பழைமை பேணுவோர் ஏழைக்கு நியாயம் செய்ய முடியாது என்பதற்கு அதுவே மறுப்பு. ஆனால் நான் கேட்ட சுதந்திராக் கட்சி மேடைகளிலே அச்சட்டத்தின் பேச்சு எழவேயில்லை. உடைமையின் உரிமையைப் பேசினர். உடைமை இல்லாதவனுக்கு அதிலே என்ன பங்கு என்பதைப் பேசவில்லை. வட இந்தியாவிலே மன்னர் பரம்பரையினர் கட்சியின் முன்வரிசையிலே நின்றனர். நிலமற்றவன் அக்கட்சியைத் தன் கட்சியாக எவ்வாறு எண்ணுவான்? நூற்றுக்கு 8 வாக்கு நூற்றுக்கு 5 ஆனதற்கு, போட்டியிட்ட தொகுதிகள் குறைந்ததை ஒரு காரணமாகச் சொல்லலாம். அந்த 8, 20 ஆக வளராமற் போனதற்கு இதுவே காரணம் என்பது என் துணிபு.

மூன்றாம் வாக்கு

1971-இலே இராஜாஜி, தாம் வீழ்த்திய காமராசரோடு கைகோத்தார். நமது விவசாயி இம்முறை காமராசரின் பழைய காங்கிரசுக்கு வாக்களித்தார். தி.மு.க. 184 இடங்களை வென்றது. பழைய காங்கிரசுக்கு 15, சுதந்திராக் கட்சிக்கு 6. அதே ஆண்டிலே மதுவிலக்கு ஒத்திவைக்கப்பட்டது. 1937-இலே சேலம் மாவட்டத்தில் இராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு அது. 1972 டிசம்பர் 25-ஆம் நாள் அவர் காலமானார். 1974-இலே கட்சியின் பெரும்பகுதி சரண்சிங்கின் பாரதீய லோக்தளத்திலே கலந்தது. 1959-இலே காங்கிரசுக்குள் இருந்துகொண்டே நாகபுரித் தீர்மானத்தை எதிர்த்தாரே, அதே சரண்சிங்தான்.

அன்பர்களே, இனி கணக்கை முடிப்போம். முதல் வாக்கு ஒரு கொள்கைக்கு விழுந்தது, தோற்றது, ஆயினும் ஆட்சியாளரின் வேகத்தைக் குறைத்தது. இரண்டாம் வாக்கும் மூன்றாம் வாக்கும் ஒருவரை இறக்குவதற்காக விழுந்தன. ஒன்று வென்றது, ஒன்று தோற்றது. இரண்டிலும் வாக்களித்தவரின் கொள்கைக்கு இடமிருக்கவில்லை. ஆட்சியை மாற்றுவதற்காக வேற்றுக் கட்சிக்கு வாக்களிப்பது தவறு என்று நான் கூறவில்லை. நெடுங்காலம் ஆண்டவரை இறக்குவதும் மக்களாட்சியின் ஆரோக்கியத்துக்கு வேண்டியதே. ஆனால் இரவல் கொடுக்கும் வாக்குக்குச் சீட்டு எழுதி வாங்க வேண்டும். மாட்டை இரவல் கொடுக்கும் கமக்காரன்கூட எப்போது திருப்பிக் கட்டுவாய் என்று கேட்டுத்தானே கொடுக்கிறான்?

ஆகவே அபேட்சகர் உங்கள் வாயிலுக்கு வரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். முதலாவது: நீர் தருவதாகச் சொல்லும் பொருளின் விலையை யார் இறுப்பார்? இரண்டாவது: உமக்குப் பெரும்பான்மை கிடைத்தாலும் எதைச் செய்யமாட்டீர்? செய்வதைச் சொல்லாத அபேட்சகர் இல்லை. செய்யாததைச் சொல்பவரே தம் எல்லையை அறிந்தவர். மூன்றாவது: கூட்டுச் சேர்ந்து வருகிறீராயின், வாக்கெண்ணி முடிந்த மறுநாள் எங்களோடு எதைக் கலந்து பேசுவீர்?

வைத்தியரும் வழக்கறிஞரும் ஆசிரியரும் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். இக்கேள்விகளை எழுத்திலே அமைத்துக் கேட்கும் ஆற்றல் உங்களிடம் உண்டு. பதில் பொய்யா மெய்யா என்பதை ஒரு போகத்திலே கண்டுகொள்ளும் அறிவு கமக்காரரிடம் உண்டு. இரு சாராரும் தனித்தனியே இருந்தால் ஒருவர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவார், மற்றவர் சந்தையிலே முணுமுணுப்பார். அபேட்சகருக்கு எந்தத் தொல்லையும் இராது.

நான்காவது கேள்வி ஒன்றும் உண்டு. அது அபேட்சகரிடம் கேட்பதன்று. நம்மிடமே நாம் கேட்பது. நாம் காக்க விரும்பும் வரப்பிலே, அண்டை வெட்டுகிறவனுக்கு என்ன வைத்திருக்கிறோம்? அதற்கு விடை சொல்லாமல் நிலத்தையும் மரபையும் காக்கப் புறப்பட்டவர்களின் கதையைத்தான் இவ்வளவு நேரமும் சொன்னேன்.

அந்த விவசாயி இன்று இல்லை. அவருடைய பேரன் அதே 9 ஏக்கரைப் பயிரிடுகிறார் என்று நண்பர் எழுதியிருந்தார். வரப்புகள் இருக்கின்றனவாம். அண்டை வெட்டத்தான் ஆள் கிடைப்பதில்லையாம்.